பல் கூச்சம்: எத்தனை விநாடி?

மார்கழி மாதத்துப் பெங்களூர் விடியற்காலை. இரவெல்லாம் மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர், குழாயைத் திறந்தால் ஐஸ் போல் வருகிறது. அதை அள்ளி வாய் கொப்பளித்ததும் ஏதோ ஒரு பல்லில் 'சுரீர்' என்று இழுக்கிறதா? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டு, "குளிர்காலம் அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

நானும் அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் என் இடப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று குளிர்ந்த நீர் பட்டால் கூசத் தொடங்கியது. முதலில் ஒரே ஒரு நொடிதான். சில மாதங்களில் கூச்சம் வலியாக மாறியது. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்து ஐந்து நிமிடம் ஆனாலும் அந்த வலி போகாது. கிராம்பை அடக்கிக்கொண்டேன். வலி மாத்திரை போட்டேன். வலப்பக்கமாகவே மென்று பழகினேன். ஒருநாள் வலி தானாகவே நின்றுவிட்டது. "பார்த்தீர்களா, டாக்டருக்குக் காசு கொடுக்காமலே சரியாகிவிட்டது!" என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் எழுந்தேன். பல்லைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது, எடுக்க வேண்டியதாயிற்று. பல் மருத்துவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "வலி நின்ற அன்றைக்கு உங்கள் பல் குணமாகவில்லை சார். உள்ளே நரம்பு செத்துப்போயிற்று."

பல் ஏன் கூசுகிறது?

பல்லின் மேலே இருக்கும் எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு அடியில் இருப்பது டென்டின் என்னும் தந்தப் பகுதி. நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ். டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டருக்குள்ளேயே பல ஆயிரம் உண்டு. அவற்றுக்குள் நீர்மம் நிறைந்திருக்கும்.

எனாமல் தேய்ந்தோ, ஈறு இறங்கியோ டென்டின் வெளியே தெரிந்துவிட்டால், இந்தக் குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. குளிர் பட்டதும் உள்ளே இருக்கும் நீர்மம் சட்டென்று அசைகிறது. அந்த அசைவு நரம்பைச் சுண்டிவிடுகிறது. ஸ்வீடன் நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் சோதனைகள் மூலம் நிலைநாட்டிய இந்த விளக்கத்தைத்தான் இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள்

கூச்சம் சாதாரணமானதா, ஆபத்தானதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. குளிர்ந்த நீர் பட்டபின் வலி எத்தனை விநாடி நிற்கிறது என்று கவனியுங்கள்.

தண்ணீர் விலகியதும் ஓரிரு விநாடியில் மறைந்துவிட்டால், பெரும்பாலும் அது வெறும் கூச்சம். பல பற்களில் ஒரே மாதிரி இருந்தால் தேய்மானமோ ஈறு இறக்கமோ காரணமாக இருக்கலாம். பல் சுத்தம் செய்துகொண்ட பின் சில நாட்களும், பல் அடைத்துக்கொண்ட பின் சில வாரங்களும் இப்படி இருப்பது இயல்பு. ஆனால் அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரவேண்டும்.

வலி அரை நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, காபி போன்ற சூடு பட்டால் அதிகமானாலோ, ஒன்றும் படாமலே வந்தாலோ, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, பற்கூழ் வீங்கிவிட்டது என்று பொருள். கடிக்கும்போது 'சுருக்' என்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். ஒரே ஒரு பல் மட்டும் கூசினால் சொத்தையாக இருக்கலாம். இவற்றில் எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். முதலிலேயே போனால் சிறிய அடைப்போடு முடியும். பிறகு போனால் வேர் சிகிச்சை. அதற்கும் பிறகு போனால் என் கதைதான்.

வீக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றிய பரம்பரை நாம். அதற்காகச் செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. இவை எனாமலை அரிக்கும். போன எனாமல் மறுபடி வளராது. மிருதுவான பிரஷ் போதும். பாத்திரம் துலக்குவது போல் குறுக்காக இழுக்காமல், ஈறோரத்தில் மெதுவாகச் சுழற்றித் தேய்க்கவேண்டும்.

எலுமிச்சைச் சாறு, கோலா பானங்கள் இவற்றை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் பழக்கம் பல்லுக்குப் பகை. அவற்றைக் குடித்ததும் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள்; அரை மணி நேரமாவது கழித்துப் பல் துலக்குங்கள்.

கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசைகள் பயன் தரும். பொட்டாசியம் நைட்ரேட் நரம்பை அமைதிப்படுத்துகிறது. வேறு சில மருந்துகள் குழாய்களின் வாயை அடைக்கின்றன. ஒருநாள் தேய்த்துவிட்டு "பிரயோஜனம் இல்லை" என்று தூக்கி எறியக்கூடாது. தினம் இருவேளை, 2 முதல் 4 வாரம் வரை விடாமல் பயன்படுத்தவேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். நான்கு வாரத்திலும் குறையாவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அழுத்துவது கூடவே கூடாது, ஈறு வெந்துபோகும்.

எங்கே போவது?

"பல் டாக்டர் என்றால் ஆயிரக்கணக்கில் கேட்பார்களே" என்ற பயம்தான் நம்மில் பலரைத் தடுக்கிறது. நம் ஊரிலேயே, கோட்டைப் பகுதியில் விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1958-இல் தொடங்கப்பட்டது. கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். நகரில் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்கிறார்கள். வெளிக் கிளினிக்குகளைவிடச் செலவு பொதுவாகக் குறைவு. காத்திருக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

மொழி தெரியாதே என்று தயங்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்னடத்தில் பல்லுக்கு 'ஹல்லு'. பல் கூசினால் "ஹல்லு ஜும் அன்னுத்தெ" என்பார்கள். வலிக்கு அவர்களும் நம்மைப் போல 'நோவு' என்றே சொல்கிறார்கள். "நோவு எஷ்டு ஹொத்து இருத்தெ?" என்று டாக்டர் கேட்டால், வலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்கிறார். அதற்குப் பதில் தெரிந்துகொண்டு போனால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

நாளைக் காலை குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கும்போது மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரண்டு என்பதற்குள் வலி போய்விட்டால் பற்பசையை மாற்றிப் பாருங்கள். முப்பதைத் தாண்டினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குச் சொல் போகவில்லை. ஆனால் இடப்பக்கத்தில் முறுக்குக் கடிக்கும் சுகம் போய்விட்டது. உங்களுக்கு அது நேர வேண்டாம்.