குடியிருக்கும் வீட்டுக்கு விலை பேசுதல்

நெசவாளிக்கு வீடு என்பது உறங்கும் இடம் மட்டுமன்று. தறி நிற்கும் இடமும் அதுவே. விவசாயிக்கோ விதையும் கருவியும் விளைச்சலும் தங்கும் களஞ்சியம் அது. அத்தகைய வீட்டை விற்கவேண்டிய நிலை ஓர் அங்கத்தினருக்கு வாழ்நாளில் ஒருமுறை நேர்ந்தாலே அதிகம். புடவைக்கு விலை கூறுவதில் தேர்ந்தவரும், புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரிகளிடம் ஒரு ரூபாயையும் விட்டுக்கொடாதவரும், தம் சொந்த வீட்டுக்கு விலை பேசும்போது தடுமாறிவிடுகின்றனர். காரணம் வெளிப்படை. சந்தைச் சரக்கில் இன்று ஏமாந்ததை அடுத்த வாரம் ஈடு செய்துகொள்ளலாம். வீட்டு விஷயத்தில் அடுத்த வாரம் என்பதே இல்லை.

தென்காசி வட்டாரத்துக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்கு வருவோர் பலர். அவருள் சிலர் இலஞ்சி, மேலகரம் முதலிய ஊர்களில் வீடு கிடைக்குமா என்று விசாரிக்கவும் செய்கின்றனர். ஐந்தருவியில் நீராடிவிட்டு ஈரத்தலையுடன் வந்து வீடு கேட்பவர் தாராளமாகவே விலை சொல்வார். தலை உலர்வதற்குள் மனமும் உலர்ந்துவிடுவதுண்டு. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானபின் அலுவலகங்கள் வந்தன. ஊரிலேயே தங்கி வேலை பார்ப்போருக்கும் வீடு வேண்டியிருக்கிறது. இவர்கள் நிதானமாகக் கேட்பார்கள், குறைத்துக் கேட்பார்கள், ஆனால் ஐப்பசி மழையிலும் வந்து கேட்பார்கள். சாரல் காலத்தில் காதில் விழுந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு, மார்கழியில் வந்த நியாயமான விலையைத் தள்ளிவிடுவது புத்திசாலித்தனமன்று.

ஒரே வீடு இருவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதும் இல்லை. குழித்தறி அமைந்த கூடத்தைப் பட்டணத்தார் பார்த்தால், அக்குழியை மூட எத்தனை வண்டி மண் தேவை என்று கணக்கிடுவார். தொழில் தெரிந்தவர் பார்த்தால், தறி போட்டு நெய்யத் தயாராக உள்ள வீடு என்பார். ஆகவே, விற்பனைச் செய்தியைத் தரகரிடம் சொல்வதோடு நில்லாது, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து நெசவாளர் காதிலும் விழச் செய்தல் நலம். வீட்டின் அருமை தெரிந்தவரே அதற்குரிய விலையைத் தருவார்.

விலை பேசத் தொடங்குமுன் வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்கவேண்டியது ஒன்றுண்டு. பூர்விக வீடாயின் யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதே அது. இந்துக் குடும்பங்களில் பூர்விகச் சொத்தில் பெண்மக்களுக்கும் சம உரிமை உண்டு. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும், 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தமும் இதனை வழங்கின. முஸ்லிம் குடும்பங்களிலும் அவர்தம் சட்டப்படி பெண்களுக்குப் பங்கு உண்டு. விலை தீர்ந்தபின் தங்கையிடம் கையெழுத்துக் கேட்கப் போகிறவர், வாங்குபவருக்கும் தங்கைக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்வார். முதலில் கூடப்பிறந்தவர்கள் யாவரும் உட்கார்ந்து, ‘இதற்குக் கீழே கொடுப்பதில்லை’ என்று ஒரு தொகையை நிர்ணயித்து, அதைத் தரகர் உட்பட வெளியார் யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளவேண்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசினார்களே, அது ஏன்? பக்கத்தில் நிற்பவன் அறிந்தால் பேரம் கெடும் என்பதனால்தான்.

அத்தொகையை எவ்வாறு நிர்ணயிப்பது? அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத்தீர்வைக்காக ஏற்பட்டது. அது சந்தை விலை ஆகாது. அதே தெருவில் அண்மையில் கைமாறிய வீடுகளுக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை, விற்றவரிடமும் வாங்கியவரிடமும் தனித்தனியே விசாரித்து அறிவதே வழி. இருவரும் சொல்வது ஒத்துப் போகாது. உண்மை நடுவில் இருக்கும்.

இனி, பேரப் பேச்சில் எந்தச் சொல் கட்டுப்படுத்தும், எந்தச் சொல் கட்டுப்படுத்தாது என்பதைப் பார்ப்போம். இதற்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபாகத்திலிருந்தே ஒரு வழக்குக் கிடைக்கிறது. குடகு நாட்டு மெர்க்காராவில், அதாவது இன்றைய மடிக்கேரியில், மார்வெர்ன் லாட்ஜ் என்றொரு பங்களா இருந்தது. உரிமையாளர் மாக்பெர்சன் வெளியூரில் இருந்தார். அப்பண்ணா என்பவர் அங்கிருந்த பிரதிநிதியிடம் ரூ. 6,000 தருவதாகக் கேட்டார். பிரதிநிதி, குறைந்தபட்ச விலை என்னவென்று உரிமையாளருக்குத் தந்தி கொடுத்தார். ‘பதினாயிரத்துக்குக் குறைந்து ஏற்கமாட்டேன்’ என்று பதில் தந்தி வந்தது. அப்பண்ணா பதினாயிரம் தரச் சம்மதித்தார். இதற்குள் வேறொருவர் ரூ. 11,000 தர முன்வரவே, பங்களா அவருக்குப் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ‘இதற்குக் குறைந்து ஏற்கமாட்டேன்’ என்பது, ‘இந்த விலைக்குக் கொடுத்தேன்’ என்பது ஆகாது. மேலும் கேளுங்கள் என்ற அழைப்பே ஆகும். ஆகவே ஒப்பந்தம் ஏற்படவில்லை என்று 1951-இல் தீர்ப்பாயிற்று. ஜமைக்காத் தீவில் ஒரு நிலத்தைப் பற்றி எழுந்த வழக்கிலும், தந்தியில் குறைந்த விலை 900 பவுன் என்று தெரிவித்தது விற்பனைச் சம்மதம் ஆகாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1893-இலேயே கூறியிருந்தது.

இதன் மறுபக்கமும் அறியத்தக்கது. 1840-இல் இங்கிலாந்தில் ஒருவர் தம் பண்ணையை 1,000 பவுனுக்குத் தருவதாகச் சொன்னார். கேட்டவர் 950 பவுன் என்றார். உரிமையாளர் மறுத்ததும், ‘சரி, ஆயிரமே தருகிறேன்’ என்றார். 950 என்று சொன்ன கணமே பழைய 1,000 பவுன் பேச்சு அற்றுப்போயிற்று என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நம் நாட்டு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், சம்மதம் என்பது மாற்றமேதுமின்றி முழுமையாக இருக்கவேண்டும் என்றே விதிக்கிறது. அங்கத்தினர் இதைத் தம் நிலையில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒருவர் 24 லட்சம் தருவதாகக் கூறும்போது நாம் 26 என்று எதிர் விலை சொன்னால், அவர் சொன்ன 24 அங்கேயே கிடக்கிறது என்று நம்பியிருக்கலாகாது. அவர் போய்விடலாம், போக அவருக்கு உரிமை உண்டு. கையை விட்டுப் போனாலும் பரவாயில்லை என்னும் விலைக்கு மட்டுமே எதிர் விலை சொல்லவேண்டும்.

நிற்க. இருவர் போட்டியிட்டால் தொகை பெரிதாயிருப்பவருக்கே கொடுத்துவிடலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அங்கத்தினருக்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் பத்து லட்சம் கடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் 25 லட்சம் தருகிறார், முன்பணம் ரூ. 50,000, மீதி வங்கிக் கடன் கிடைத்தபின், நான்கு மாதத்தில். இரண்டாமவர் தருவது 24½ லட்சமே. ஆனால் முன்பணம் ஐந்து லட்சம், மீதி ஒன்றரை மாதத்தில். முன்பணத்தை உடனே கடனுக்குச் செலுத்தினால், முதலாமவரிடம் காத்திருக்கும் நான்கு மாதத்துக்கு வட்டி ரூ. 76,000, இரண்டாமவரிடம் ரூ. 15,000 மட்டுமே. விலையில் இழப்பது 50,000, வட்டியில் மிஞ்சுவது 61,000. இதற்குமேல், வங்கி மதிப்பீட்டாளர் வீட்டைக் குறைத்து மதித்தால் முதலாமவரின் பேச்சே முறியலாம் என்ற அச்சமும் இரண்டாமவரிடம் இல்லை. ஆயினும் உடனே அவருக்குத் தலையசைக்க வேண்டியதில்லை. ‘விலையை இப்படியே ஏற்கிறேன், தறியில் ஓடும் பாவு தீரும்வரை இரண்டு மாதம் வாடகையின்றி இருக்க விடுங்கள்’ என்று கேட்கலாம். பணத்தைக் கூட்ட மனமில்லாதவரும் காலத்தைக் கூட்ட இசைவது உண்டு. நம்மவர் பலரும் இதைக் கேட்க மறந்துவிடுகின்றனர்.

அச்சாரம் வாங்குவதில் கண்டிப்பு வேண்டும். ஒருவரிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு மற்றொருவரிடம் கூடுதல் விலைக்குப் பேசுவது வழக்குக்கே வழி. 2018-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடுவதே இப்போது பொது விதி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்தாகவேண்டும். முன்பணம் ரூ. 20,000 அல்லது அதற்கு மேலாயின் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. காசோலையாகவோ வங்கி வழியாகவோ பெறுதல் வேண்டும். பத்திரத்தில் பாதி, கையில் பாதி என்று வருபவரிடம் மிக எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பத்திரத்தில் ஏறாத பணத்தை எந்த நீதிமன்றத்திலும் எளிதில் கேட்டுப் பெற முடியாது.

வாங்குபவர் தவறிவிட்டால் முன்பணம் முழுவதும் நமக்கே என்று நினைப்பதும் சரியன்று. டில்லியில் ஒரு வீட்டு விற்பனையில் அச்சாரமாக ரூ. 1,000-மும் பின்னர் ரூ. 24,000-மும் பெறப்பட்டிருந்தன. தவறினால் 25,000-மும் இழப்பதாக எழுதியிருந்தும், நட்டம் நிரூபிக்கப்படாத நிலையில் முழுவதையும் தண்டமாக வைத்துக்கொள்ள முடியாது என்று 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

வீட்டின் குறையை மறைப்பது வேண்டாம். சுவரில் ஓதம் ஏறுவது, ஓட்டுக்கூரை ஒழுகுவது ஆகியவற்றைக் கார்த்திகை மழையே காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லவேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் விதி. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஓர் இளைஞரின் உயிரைக் கொண்டுபோன பிறகு, ஓடைக்கரை வீடு என்றால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று யாரும் கேட்பர். உள்ளதைச் சொல்லி, அதற்குரிய தொகையை நாமே முன்கூட்டிக் குறைத்துக் காட்டினால், வாங்குபவர் அதைச் சாக்காக வைத்து இருமடங்கு குறைக்க இடமிராது.

வீட்டுப் பத்திரம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் அடமானத்தில் இருந்தால், பாக்கித் தொகையை எழுத்தில் வாங்கிவைத்துக்கொண்டே விலை பேசவேண்டும். வில்லங்கச் சான்றில் அது எப்படியும் தெரியவரும். அத்தொகையை வாங்குபவரே நேராகச் சங்கத்துக்கு வங்கி வரைவோலையாகச் செலுத்தி, இரசீது ஆவணம் பதிவானபின் மீதியை நம் கணக்கில் கட்டுவதாக உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளலாம். தறி, நாடா, பாவு உருளை முதலியன விற்பனையில் சேருமா என்பதையும் அதிலேயே குறித்துவிடவேண்டும். பதிவு நாள்வரையிலான வீட்டு வரியும் குடிநீர் வரியும் விற்பவர் பொறுப்பு. மின் கட்டணமும் அவ்வாறே தீர்க்கவேண்டியது. அவற்றின் இரசீதுகளைச் சாவியோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.