சுவருக்கு அந்தப் பக்கம் யாரு? ஒண்டுக்குடித்தன சஸ்பென்ஸ் கதைகள் எப்படி வேலை செய்யுது?

இந்த எபிசோட்ல பேய் இல்ல, சீரியல் கில்லர் பட்டியல் இல்ல. பக்கத்து வீடு மட்டும்தான்.

சஸ்பென்ஸ் கதைன்னாலே ஊருக்கு வெளிய ஒரு பங்களா, மழை, கரண்ட் கட்னு நினைச்சுக்கறோம். ஆனா எனக்குப் பயம் வந்த கதைகள்ல பாதிக்கு மேல ஒரே கூரைக்குக் கீழ பல குடும்பம் இருக்கற வீட்லதான் நடக்குது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் ‘ஸ்டோர்’னு சொல்லுவாங்க, பேச்சுலர்னா மேன்ஷன், இப்ப பிஜி. எங்க பக்கம் லைன் வீடு.

நான் இருக்கறது திருமழிசை. ஆழ்வார் பிறந்த ஊர், ஜெகந்நாதப் பெருமாள் கோயில், அந்தப் பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. 2020 கொரோனா நேரத்துல கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டைத் தற்காலிகமா இங்க மாத்தினப்பதான் சிட்டி ஆளுங்க பல பேருக்கு ஊர்ப் பேரே தெரிஞ்சது. கம்பெனி வேலைக்கு வர்றவங்க தங்கற லைன் வீட்டை ஒருமுறை பார்த்தா போதும், இந்த வகைக் கதை எப்படி ஓடுதுன்னு புரிஞ்சிடும். வரிசையா கதவு, நடுவுல ஒரு நடை, எல்லாருக்கும் ஒரே மோட்டார், ஒரே மொட்டை மாடி. ஷிப்ட் வேலைங்கறதால ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் குளிப்பாரு. பக்கத்து ரூம்காரர் எத்தனை மணிக்கு வர்றாரு, என்ன குழம்பு, போன்ல யார்கிட்ட சண்டைன்னு எல்லாம் தெரியும். பேரு மட்டும் தெரியாது.

இந்த வகைக் கதையோட எஞ்சினே அதுதான். ஒரு ஆளைப் பத்தி நமக்கு நிறைய தகவல் இருக்கு, ஆனா எதுவுமே முழுசா இல்ல. சத்தம் வருது, முகம் தெரியல. பங்களா கதையில ரகசியத்தைக் கண்டுபிடிக்க ஒருத்தன் தேடிப் போகணும். இங்க ரகசியம் சுவர் வழியா தானா கசிஞ்சு வருது. அதைக் கேட்டுட்டு நாம என்ன பண்றோம்ங்கறதுதான் கதை.

உதாரணத்துக்கு ‘தி லாட்ஜர்’னு ஒரு நாவல். 1913-ல மேரி பெல்லாக் லவுண்ட்ஸ் எழுதினது. 1888-ல லண்டனைக் கலக்கின ஜாக் தி ரிப்பர் கொலைகளை மனசுல வெச்சு எழுதின கதை. பன்டிங்னு ஒரு தம்பதி. வருமானம் இல்ல, பொருளை அடகு வெச்சு, பட்டினி கிடக்கற நிலைமை. வாசல்ல ‘ரூம் வாடகைக்கு’ங்கற அட்டை தொங்குது. ஒரு ராத்திரி ஒருத்தர் வர்றாரு. கேட்ட வாடகையை முன்பணமா கையில வைக்கிறாரு. அமைதியான மனுஷன், ஆனா சுவர்ல இருக்கற பொம்பளைங்க படத்தையெல்லாம் திருப்பி வைக்கிறாரு. நடு ராத்திரியில வெளிய போறாரு. அவரு போற ராத்திரியில ஊர்ல ஒரு பொண்ணு கொலையாகுது.

கொலைகாரன் யாருன்னு இந்த நாவல் பெருசா ஒளிச்சு வைக்கறதே இல்ல. வீட்டுக்கார அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடுது. ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. சொன்னா வாடகை போயிடும், மறுபடியும் பட்டினி. இத்தனைக்கும் ஒரு போலீஸ்காரப் பையன் அவங்க வீட்டுக்கே வந்து டீ குடிச்சுட்டுப் போறான்! அவன் எதிர்ல அவங்க சாதாரணமா இருக்க முயற்சி பண்ற இடங்களைப் படிச்சா, கத்தியும் ரத்தமும் தேவையே இல்லன்னு தோணும். ஹிட்ச்காக் 1927-ல இதைப் படமா எடுத்தாரு. எனக்கென்னவோ நாவல்தான் பெட்டர். படத்துல பயம் வாடகைக்கு வந்தவர் மேல இருக்கு. நாவல்ல பயம் வீட்டுக்கார அம்மாவோட மௌனத்துல இருக்கு.

அதே ஹிட்ச்காக் 1954-ல ‘ரியர் விண்டோ’ எடுத்தாரு. கால் ஒடிஞ்ச போட்டோகிராஃபர், கோடை வெயில், எல்லார் ஜன்னலும் திறந்திருக்கு. கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால ஒரே ஒரு சீன். அந்தக் குடியிருப்புல ஒரு நாயைக் கொன்னுடறாங்க. நாயை வளர்த்த அம்மா, பக்கத்து வீடுன்னா என்னன்னு உங்க யாருக்காவது தெரியுமான்னு கத்தறாங்க. எல்லாரும் ஜன்னலுக்கு ஓடி வர்றாங்க. ஒரே ஒரு வீடு மட்டும் இருட்டா இருக்கு, உள்ள ஒரு சிகரெட் நுனி மின்னுது. அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கிட்டான். பொது இடத்துக்கு யார் வரலைங்கறதே ஒரு துப்பு.

அதே 1954-ல நம்ம ஊர்லயும் ஒண்ணு நடந்தது. ஏவி.எம். தயாரிப்புல வீணை எஸ். பாலசந்தர் இயக்கின ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். 1943-ல ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்ட சமயத்துல நடக்கற கதை. ரேடியோ என்ஜினியர் ராஜன், அதாவது சிவாஜி, படம் ஆரம்பிச்ச உடனே சுடப்பட்டுச் செத்துப்போறாரு. துப்பாக்கிச் சத்தம் கேட்டு போலீஸுக்கு ஓடறது யாரு? பக்கத்து வீட்டு சின்னையா. அழகு என்னன்னா, தகவல் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே சந்தேகப் பட்டியல்ல சேர்ந்துடறாரு. மனைவி, தம்பி, தம்பி மனைவின்னு ஒவ்வொருத்தரும் தனக்குத் தெரிஞ்ச ராஜனைச் சொல்றாங்க. எட்டிப் பார்க்கறவனுக்கும் ஒரு கதை இருக்குன்னு அப்பவே சொல்லிட்டாங்க. எப்படி முடியுதுன்னு சொல்ல மாட்டேன், பாருங்க.

சரி, இப்ப கொஞ்சம் அசௌகரியமான விஷயம். இந்த வகைக் கதைகள்ல சந்தேகம் முதல்ல யார் மேல விழுது? புதுசா வந்தவன் மேல, தனியா இருக்கறவன் மேல, பாஷை தெரியாதவன் மேல. கதைக்கு அது வசதி. ஆனா அந்தப் பழக்கம் கதையோட நிக்கறதில்ல. 2012 பிப்ரவரியில, வங்கிக் கொள்ளைச் சந்தேகத்துல, வேளச்சேரியில வாடகை வீட்டுல இருந்த அஞ்சு பேரை போலீஸ் சுட்டுக் கொன்னது. வட மாநிலத்துக்காரங்கன்னு செய்தி வந்தது. அதுக்கப்புறம் வாடகைக்கு இருக்கறவங்க விவரத்தை வீட்டு ஓனருங்க ஸ்டேஷன்ல கொடுக்கணும்னு சென்னையில உத்தரவு வந்தது. இன்னிக்கும் எங்க பக்கம் ரூம் கேட்டுப் போற ஒரு பீகார் பையனை, ஒரு த்ரில்லர் வாசகன் பார்க்கற மாதிரிதான் பல பேர் பார்க்கறாங்க. அவன் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்க இடம் தேடி வந்தவன்.

அதனாலதான் சரதிந்து பந்தோபாத்யாயோட ‘சத்யான்வேஷி’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1930-கள்ல வந்த வங்காளக் கதை. வ்யோம்கேஷ் பக்ஷியும் அஜித்தும் முதல்ல சந்திக்கறது இதுலதான். (முடிவைச் சொல்லப் போறேன், வேண்டாம்னா ஒரு நிமிஷம் தள்ளி விட்டுடுங்க.) கல்கத்தாவுல ஒரு மெஸ், நம்ம மேன்ஷன் மாதிரி. அங்க வேற பேர்ல, வேலை தேடி வந்தவன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வர்றான், அஜித் ரூம்லயே தங்கறான். மெஸ்ல ஒரு கொலை. நம்ம கண்ணு முழுக்க அந்தப் புது ஆள் மேல. ஆனா அவன்தான் வ்யோம்கேஷ். குற்றவாளி யாருன்னா, கீழ ஹோமியோபதி மருந்து கொடுத்துக்கிட்டு, எல்லாரோட நம்பிக்கையையும் வாங்கி வெச்சிருந்த மெஸ் நடத்தறவரு.

தமிழ்ல இதுக்கு எவ்வளவு இடம் இருக்கு! ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா எல்லாரும் பாக்கெட் நாவல்ல நம்மளைத் தூங்க விடாம பண்ணினவங்க. 2009-ல ‘யாவரும் நலம்’ ஒரு அபார்ட்மெண்ட் வீட்டையே பயமுறுத்தற இடமா மாத்திச்சு. ஆனா லைன் வீட்டை யாரும் ஒழுங்கா எழுதின மாதிரி எனக்குத் தெரியல. எழுத ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு துப்பு இலவசமா தர்றேன். லைன் வீட்ல ஒவ்வொரு ரூமுக்கும் சப் மீட்டர் இருக்கும். மாசா மாசம் ரீடிங் எடுக்கறது ஓனர். ரெண்டு மாசமா பூட்டியிருக்கற ரூமோட மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு, அதைப் பார்த்தும் ஓனர் ஒண்ணும் பேசல. அங்கேருந்து ஆரம்பிங்க. எழுதினா எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கறேன்.