ஒல்லியானவருக்கும் இனிப்புநீர் வருமா?

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எங்க இனிப்புநீர் வரப்போகுது?" பினாங்கில் நாசி கண்டார் கடையிலும் ஆசிரியர் அறையிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை அதிகம். நாட்டளவில் அது 18.3 விழுக்காடு. இவர்கள் எல்லாரும் பருமனானவர்கள் அல்லர்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் செல்களுக்குள் போகச் செய்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டாலும், போதிய அளவு சுரக்காவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை கூடும்.

பருமனானவர்: தொடக்கத்தில் இன்சுலின் நிறையவே சுரக்கும். ஆனால், கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்த கொழுப்பு அதன் வேலையைத் தடுக்கிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. கணையம் கூடுதலாகச் சுரந்து சுரந்து, கடைசியில் தளர்ந்துவிடுகிறது. இவர்கள் எடையைக் குறைத்தால் நல்ல பலன் உண்டு.

மெலிந்தவர்: இங்கே காரணம் ஒன்றல்ல, முக்கியமானவை மூன்று.

1. வகை 1: உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பிள்ளைகளிடமும் இளைஞரிடமும் அதிகம் காணப்படும். இன்சுலின் ஊசி கட்டாயம்.

2. வகை 2: ஆள் மெலிவு, ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு. 2004இல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்தனர். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு! ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23இலிருந்தே கவனம் தேவை என்பது இதனால்தான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

3. வகை 5: சிறு வயதில் சத்துணவுக் குறைவால் கணையம் சரியாக வளராமல் வருவது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவு, ஆனால் சுரக்கும் இன்சுலின் நன்றாகவே வேலை செய்கிறது என்று தெரியவந்தது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு இதைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது.

தேர்வு மாணவர்கள் ஒரு வரியில் நினைவில் வைக்கலாம்: பருமனானவரிடம் எதிர்ப்பு முதன்மை, மெலிந்தவரிடம் பெரும்பாலும் சுரப்புக் குறைவு முதன்மை.

இந்த வேறுபாடு வெறும் பாடத்துக்கானது அல்ல. இனிப்புநீர் உள்ள மெலிந்தவரிடம் "சோத்தைக் குறைங்க, எடையைக் குறைங்க" என்றால் அவர் இன்னும் மெலிந்து போவார். அவருக்கு வேண்டியது போதிய சத்துணவு, தசைக்கு வலு தரும் உடற்பயிற்சி, மருத்துவர் சொல்லும் மருந்து அல்லது இன்சுலின்.

30 வயதைத் தாண்டியவர்கள், ஒல்லியோ பருமனோ, ஆண்டுக்கு ஒரு முறை சுகாதார கிளினிக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடியும் சோதித்து உறுதி செய்வார்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு மாணவர் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறார், அடிக்கடி கழிவறைக்குப் போகிறார், திடீரென்று இளைக்கிறார் என்றால் 'வளர்ற வயசு' என்று விட்டுவிடாதீர்கள். அன்றே பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். வகை 1 என்றால் சில நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து.