கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

வீட்டில் கணினியும் கைபேசியும் வைத்திருப்பவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வையுங்கள், அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எங்கும் எழுதி வைக்காதீர்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், தெரிந்தவர் அனுப்பியதையும் நம்பாதீர்கள். இவ்வளவையும் ஒரு மனிதர் கடைப்பிடிப்பதென்றால் அதற்கே ஒரு சம்பளம் தர வேண்டும். இதையெல்லாம் செய்தும் பணமோ தகவலோ பறிபோனால், "நீங்கள் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்" என்ற பதில் தயாராக இருக்கிறது. இந்தப் பதில் நியாயமற்றது என்பதே என் வாதம். வீட்டுக் கணினிப் பாதுகாப்பில் நாம் படும் எரிச்சலில் பெரும்பகுதி நம் அலட்சியத்தால் வருவதில்லை. வடிவமைத்தவர்களும் விற்றவர்களும் தங்கள் வேலையை நம் தலையில் இறக்கி வைத்ததால் வருகிறது. நிவாரணம் கேட்கும் இடத்தில் இந்த வேறுபாடு பணமாகவே கணக்கில் வரும்.

முதலில் கடவுச்சொல். பெரிய எழுத்து, எண், குறியீடு என்று நிபந்தனை போடுவதும் குறிப்பிட்ட நாளில் மாற்றச் சொல்வதும் உலகம் முழுக்கப் பரவியதற்கு அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டி ஒரு முக்கியக் காரணம். அந்தப் பகுதியை எழுதிய பில் பர், தான் சொன்னவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழிடம் கூறினார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தி, இரண்டு நிபந்தனைகளையும் கைவிடும்படி சொன்னது. 2025-இல் வந்த அடுத்த பதிப்பு, அவற்றைக் கட்டாயப்படுத்தவே கூடாது என்றது. காரணம் எளிது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் பழைய சொல்லின் கடைசியில் உள்ள 1-ஐ 2 ஆக்குவார்கள். நார்த் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் காலாவதியான பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். பழைய கடவுச்சொல் தெரிந்தால் போதும், 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள் புதியதை ஊகிக்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் விண்டோஸுக்கான தன் பரிந்துரையிலிருந்து கடவுச்சொல் காலாவதியை நீக்கிவிட்டது. ஆனாலும் நம் ஊர் இணையதளங்கள் பலவற்றில் "உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது" என்ற அறிவிப்பு இன்றும் வருகிறது. எழுதியவரே கைவிட்ட விதியை நாம் மட்டும் சுமக்கிறோம்.

எச்சரிக்கைகளின் கதையும் இப்படித்தான். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2009-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சங்கடமான கேள்வியைக் கேட்டார்: பாதுகாப்பு அறிவுரையை மக்கள் ஒதுக்குவது முட்டாள்தனமா, கணக்குப் போட்டு எடுத்த முடிவா? அறிவுரை சொல்பவர்கள் பயனரின் நேரத்துக்கு விலையே இல்லை என்று நினைக்கிறார்கள் என்பது அவர் கண்டறிந்தது. உலாவி காட்டும் சான்றிதழ் எச்சரிக்கைகளில் ஏறக்குறைய எல்லாமே பொய் எச்சரிக்கைகள் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். நூறு முறை காரணமின்றிக் கத்தும் மணியை நூற்றியோராவது முறை யார் காதில் வாங்குவார்? இன்னொன்று, முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படம். "பூட்டு இருந்தால் நம்பலாம்" என்று பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தார்கள். தளத்துக்கும் உங்களுக்கும் நடுவே போகும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் பூட்டு காட்டியது. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பதை அது சொல்லவே இல்லை. கூகுள் நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் 11 சதவீதம் பேர்தான் அதன் பொருளைச் சரியாகச் சொன்னார்கள். போலித் தளங்களும் பூட்டோடு உலவத் தொடங்கிய பிறகு, 2023-இல் குரோம் உலாவியிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டார்கள். "பூட்டைப் பார்த்து நம்பினேன்" என்று ஏமாந்தவர் சொன்னால், சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர் ஒழுங்காகப் படித்தார் என்றுதான் பொருள். எதிர்மாறாக, நம் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னதைப் பாருங்கள். வங்கி அல்லாத எவருக்கும் அந்த முகவரி கிடைக்காது. வாடிக்கையாளருக்கு உபதேசம் செய்யாமல் ஏற்பாட்டையே மாற்றுவது இப்படித்தான் இருக்கும்.

அப்டேட் விஷயத்தில் மறுதரப்புக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை பிணைத்தொகை நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்கள் மாட்டினார்கள். உண்மைதான், அப்டேட் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் மக்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்தோடு யாரும் கேட்காத புதுத் தோற்றத்தையும் விளம்பரத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். அவசர வேலைக்கு நடுவே கணினி தானாக அணைந்து எழுகிறது. கடைசியில் ஒருநாள் திருத்தமே நின்றுவிடுகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் பாதுகாப்பற்றவை ஆகின. ஓராண்டுக்கு நீட்டிப்பு தந்தார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு அது இலவசம். மற்றவர்கள் கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்டின் சேமிப்பகத்தில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வெகுமதிப் புள்ளிகளோ பணமோ தர வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் குரல் எழுப்பின, சலுகை கிடைத்தது. இதில் பயனரின் கவனத்துக்கு எங்கே இடம்?

வீட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டரைப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லோடு கிடந்த ரவுட்டர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அந்த அக்டோபரில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே சில மணி நேரம் தடுமாற வைத்தது. "கடவுச்சொல்லை மாற்றாதது வாங்கியவர் தப்பு" என்று பிரிட்டன் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரியான, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு சாதனம் விற்பதையே தடை செய்யும் சட்டத்தை 2024 ஏப்ரல் 29 முதல் அமலாக்கியது. பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. விலை ஏறிவிடும் என்பது வழக்கமான ஆட்சேபம். ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு கடவுச்சொல் அச்சிட்டு ஒட்ட ஆகும் செலவு எவ்வளவு என்று அவர்களே சொல்லட்டும். பிரஷர் குக்கரில் பாதுகாப்பு வால்வு வைப்பது தயாரிப்பவர் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. இங்கே மட்டும் வால்வை நாமே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டுமா?

இனி பணம் போகும் இடத்துக்கு வருவோம். யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம் நாட்டில் எழுத்தில் பதில் இருக்கிறது. பலருக்குத் தெரியாததுதான் குறை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்த விதி இது: வங்கியின் தவறால் பணம் போனால், நீங்கள் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் உங்களுக்கு இழப்பு கிடையாது. வங்கியிடமும் தவறில்லை, உங்களிடமும் தவறில்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய். தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியினுடையது. இந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்கிறேன். கிளையில் உட்கார்ந்திருப்பவர் "ஓடிபி போயிருக்கிறது, நீங்கள்தான் கொடுத்திருப்பீர்கள்" என்று சொன்னால், அது ஒரு ஊகம், நிரூபணம் ஆகாது. நீங்களே ஓடிபி சொன்னதாக இருந்தாலும், புகார் செய்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. சரிபார்ப்பு முறைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்டு 2026 ஏப்ரல் 1-ஐ அமலாக்க நாளாகக் குறித்த ஆணை இன்னொரு படி மேலே போகிறது: அந்த ஆணையைப் பின்பற்றாமல் நடந்த பரிமாற்றத்தால் இழப்பு வந்தால் முழுத் தொகையையும் எதிர்ப்பேச்சின்றி ஈடுசெய்ய வேண்டும்.

"மக்களே ஓடிபியைச் சொல்லிவிட்டால் வங்கி என்ன செய்யும்?" என்பது நியாயமான கேள்வி. 2017 சுற்றறிக்கையும் அந்த நிலையில் இழப்பை வாடிக்கையாளர் மேல்தான் வைத்தது. ஆனால் இதே கேள்விக்குப் பிரிட்டன் வேறு பதில் கண்டது. ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும், அந்தச் சுமையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் விதி வந்தது. மிக மோசமான அலட்சியம் இருந்தால் மட்டும் மறுக்கலாம். பெற்ற வங்கியையும் இழுத்ததில்தான் இதன் சூட்சுமம். திருடிய பணம் எப்போதும் ஏதோ ஒரு வங்கியில் ஏதோ ஒருவர் பெயரில் திறந்த கணக்குக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்க்காமல் திறந்தவர் யார்? இழப்பில் பங்கு உண்டு என்றால் அடுத்த கணக்கைத் திறக்கும்போது கை கொஞ்சம் நிதானிக்கும். மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஈடு கிடைக்கும் என்பதற்காக யாரும் தன் சேமிப்பை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பிப் பார்ப்பதில்லை.

நம் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த வெளிநாடுவாழ் வாடிக்கையாளர் ஒருவர் 2007-இல் வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலால் 6 லட்சத்துக்கும் மேல் இழந்தார். தகவலைக் கொடுத்தது அவருடைய அலட்சியம் என்பது வங்கியின் வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்ப்பளிக்கும் அதிகாரியான தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் அதை ஏற்காமல், 12.85 லட்சம் ரூபாய் தரும்படி 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார். அந்தச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அந்த அதிகாரியிடம் கொண்டுபோகலாம். உயர் நீதிமன்றப் படி ஏறாமல் கிடைக்கும் இந்த வழியைப் பற்றி எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியும் பேசுவதில்லை. "ஏமாறாதீர்கள்" என்று மட்டும் பேசும்.

தகவல் கசிவில் நிலைமை இதைவிடச் சங்கடமானது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் அபராதம் போய்ச் சேருவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவர் கைக்கு ஒரு காசும் வராது. அதோடு, தகவலைக் காக்கத் தவறிய நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லும் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கும் ஏற்பாடும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இருந்த இழப்பீட்டு வாசலை மூடிவிட்டு அபராதத்தைப் பெரிதாகக் காட்டுவது சரியான பண்டமாற்று இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அப்படியானால் நாம் செய்ய எதுவுமே இல்லையா? உண்டு, ஆனால் பட்டியல் சிறியது. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் மட்டுமாவது வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல், முடிந்த இடத்தில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின், ரவுட்டரில் ஆலைக் கடவுச்சொல்லை மாற்றுவது, முக்கியமான படங்களுக்கும் ஆவணங்களுக்கும் கணினியில் செருகாமல் தனியே வைத்த ஒரு நகல். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி பீரோவில் வைப்பது பாவமில்லை. ரஷ்யாவில் இருக்கும் திருடன் உங்கள் பீரோவைத் திறக்க மாட்டான். கணினியில் நச்சுநிரல் இருப்பதாக ஐயம் வந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. திரையில் திடீரென்று தோன்றும் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டாம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒருநாளைக் கடத்தாதீர்கள். உடனே 1930-ஐ அழையுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதிவு செய்யுங்கள். வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, நாளும் நேரமும் உள்ள புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள், கட்டணம் இல்லை. போகும்போது வாடிக்கையாளர் பொறுப்பு குறித்த ரிசர்வ் வங்கியின் நடப்பு விதிகளின் ஒரு பிரதியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். நிரூபிக்க வேண்டியவர் யார் என்பது அதில் அச்சாகியிருக்கிறது.