நான்கு சுவருக்குள் அடித்தாலும் வழக்கு

மனைவியைக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்தினால், இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் வழக்கு பதிவாகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின் வாரிசு இது. மூன்றாண்டு வரை சிறை, அபராதம். ஜாமீனில் எளிதில் வர முடியாது. ஆனால் புகார் வந்தவுடனே இயந்திரத்தனமாகக் கைது செய்யக்கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

அடிபட்டவளுக்கு அன்றிரவே வேண்டியது தங்க இடம். அதற்கு வழிசெய்வது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். வாழும் வீடு கணவன் பெயரில் இருந்தாலும், சட்டப்படியன்றி அவளை வெளியேற்ற முடியாது. தாய், சகோதரி, திருமணமின்றிச் சேர்ந்து வாழ்பவள் எல்லாருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனு எழுதப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம்.