விளைபொருள் ஏற்றும் வாகனமும் அதன் பாரக் கணக்கும்

காலபோக நெல் அறுவடையாகும் தை, மாசி மாதங்களில் வட்டுக்கோட்டை, அராலி வயல்களிலிருந்து நெல் மூடைகள் வீட்டுக்கும் ஆலைக்கும் செல்கின்றன. தோட்டக்காரரோ சங்கானை, சுன்னாகம் சந்தைகளுக்கு மரக்கறி கொண்டு செல்கின்றனர். முன்னாளில் மாட்டுவண்டி செய்த இவ்வேலையை இன்று உழவு இயந்திரப் பெட்டியும் பட்டா ரகச் சிறு லொறியும் செய்கின்றன. பாரம் மிஞ்சினால் மாடு நின்றுவிடும். இயந்திரமோ நில்லாது இழுத்துச் செல்லும். ரயரும் பிறேக்கும் அச்சும் படும் வருத்தம் ஆபத்து நேரும் வரை வெளியே தெரிவதில்லை. ஆகவே, தமது வாகனம் தாங்கக்கூடிய பாரத்தைக் கமக்காரர் ஒவ்வொருவரும் கணக்கிட்டு அறிந்துகொள்ளல் வேண்டும்.

இரண்டு நிறைகள்

பாரவாகனத்தின் பதிவுச் சான்றிதழில் இரண்டு நிறைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று, பாரம் ஏற்றாத வாகனத்தின் தனி நிறை. மற்றையது, வாகனமும் அதிலுள்ள யாவும் சேர்ந்து மிஞ்சக்கூடாத மொத்த நிறை. இவ்விரண்டின் வித்தியாசம் முழுவதையும் விளைபொருளால் நிரப்பலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறாகும். சாரதி, உதவியாள், எரிபொருள், கயிறு, படங்கு, பதிவின் பின் பூட்டிய இரும்புத் தட்டி ஆகிய யாவும் அந்த வித்தியாசத்துள் அடங்கவேண்டியவை.

ஓர் உதாரணம்

மொத்த நிறை 1,550 கிலோகிராமும் தனி நிறை 850 கிலோகிராமும் உள்ள ஒரு சிறு லொறியை எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் 700 கிலோகிராம். இதிலிருந்து கழிக்கவேண்டியவை:

சாரதியும் உதவியாளும் – 130 கிலோ
இரும்புத் தட்டியும் கூரையும் – 60 கிலோ
25 லீற்றர் டீசல் – ஏறக்குறைய 20 கிலோ
கயிறு, படங்கு, ஆயுதங்கள் – 20 கிலோ
மொத்தம் – 230 கிலோ

எஞ்சுவது 470 கிலோகிராம் மாத்திரமே. மூடை ஒன்று 60 கிலோவாயின், 700 கிலோவை நம்பியவர் 11 மூடை ஏற்றுவார். உண்மையில் ஏற்றத்தக்கவை 7 மூடைகளே. எட்டாவது மூடையுடன் பாரம் 10 கிலோவினால் மிஞ்சிவிடும்.

இதனிலும் இலகுவான வழி ஒன்றுண்டு. எண்ணெய் நிரப்பி, வழமையாகச் செல்லும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி, வாகனத்தை எடைமேடையில் ஒருமுறை நிறுத்துக்கொள்க. அந்நிறையை மொத்த நிறையிலிருந்து கழிக்க வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். அதனை வாகனத்தின் உட்புறத்தில் எழுதிவைத்தல் நன்று. உழவு இயந்திரப் பெட்டிக்கும் அதனைச் செய்தோர் குறித்த அளவைக் கேட்டறிந்து எழுதிவைக்க.

ஈரமும் தண்ணீரும்

மூடைகளின் எண்ணிக்கை ஒன்றாயினும் நிறை ஒன்றாகாது. 14 வீத ஈரத்தில் 60 கிலோ நிறுக்கும் அதே நெல், 22 வீத ஈரத்தில் 66 கிலோ நிறுக்கும். மேற்காட்டிய லொறியில் அத்தகைய 7 மூடைகள் 462 கிலோவாகும். அதற்குமேல் ஒரு கூடை கத்தரிக்காய்க்கும் இடமில்லை. மழையில் நனைந்த சாக்கும் கழுவிய பீற்றூட்டும் இவ்வாறே பாரம் கூடியவை.

கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றுவோர் ஒன்றை நினைவிற் கொள்க: ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம். 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் அத்தண்ணீர் மாத்திரம் 1,000 கிலோகிராமாகும். அவ்வாறெனப் பெரிய தாங்கியை அரைவாசி நிரப்பிச் செல்வதும் தீது. திருப்பங்களில் தண்ணீர் ஒருபுறம் ஒதுங்கி வாகனத்தைச் சரிக்கும். ஏற்றத்தக்க அளவுக்கு இணங்கிய சிறு தாங்கியை வைத்து அதனை முழுவதும் நிரப்புக.

பாரத்தை வைக்கும் முறை

அளவான பாரமும் இடந்தவறி வைத்தால் கேடு செய்யும். லொறியில் பின் அச்சுக்குப் பின்னே பாரம் குவிந்தால் முன்சில்லுகள் இலேசாகித் திருப்பும் பிடி தளரும். இருசில்லு உழவு இயந்திரப் பெட்டியில் பின்பாரம் மிஞ்சினால் கொளுவி மேலெழும். எனவே பாரமான மூடைகளை அடித்தட்டில், பெட்டியின் அச்சுக்கு மேலும் சற்று முன்னும் பரவலாக அடுக்குக. இலேசான கூடைகளை மேலே வைக்க. மூடைகளின் மேல் ஆட்களை ஏற்றற்க.

ரயரும் பிறேக்கும்

ரயரின் பக்கத்தில் அளவை அடுத்துப் பொறித்துள்ள எண் அது தாங்கும் பாரத்தைக் குறிக்கும். 88 என்பது ஒரு ரயருக்கு 560 கிலோகிராம். இது உரிய காற்றழுத்தம் இருந்தால் மாத்திரமே பொருந்தும். மிஞ்சிய பாரத்தில் ரயர் சூடேறி வெடிக்கும். ஒரே வேகத்தில் செல்லும் வாகனத்தின் முழு நிறை இரட்டித்தால் பிறேக் அடக்கவேண்டிய சக்தியும் இரட்டிக்கும். நிற்க நீண்ட தூரம் வேண்டும். இருபுறமும் கடலுள்ள பொன்னாலைப் பாலத்தில் இது நேர்ந்தால் விளைவை எண்ணிப்பார்க்க.

எஞ்சிய மூடைகளுக்கு இரண்டாம் பயணம் செல்வதால் நேரமும் சிறிது எண்ணெயும் செலவாகும். ஆயின், உடைந்த அச்சுக்கும் தெருவிற் கொட்டிய நெல்லுக்கும் ஆகும் நட்டம் அதனிலும் பெரிது. போன உயிருக்கோ ஈடில்லை. ஆதலால் நிறுத்து, கழித்து, அளவறிந்து ஏற்றுவீர்களாக.