முள் பொய் சொல்கிறதா, எஞ்சின் கொதிக்கிறதா? உங்களுக்குத் தெரியுமா?

● 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. பிற்காலத்தில் வந்த எம்ஜிபியில் டெம்பரேச்சர் முள் சூட்டுப் பக்கம் சாய்ந்தால், அனுபவசாலி மெக்கானிக் ரேடியேட்டரைத் தொடுவதற்கு முன் பெட்ரோல் மீட்டரைத்தான் பார்ப்பார். பாதி டேங்க் பெட்ரோலுக்கு அந்த முள்ளும் முக்கால் காட்டினால், கோளாறு தண்ணீரில் இல்லை, கரன்டில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் மின்சாரம் வருவது ஒரே சின்ன டப்பாவிலிருந்து.

● அந்த டப்பாவின் பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் 12 வோல்ட் சொச்சம், ஓடும்போது 14-ஐ ஒட்டி. அதை அப்படியே கொடுத்தால் வண்டியின் வேகத்துக்கேற்ப பெட்ரோல் கூடிக் குறைவதாக மீட்டர் காட்டும். அதனால் சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி வைத்தார்கள். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு, அதைச் சுற்றி ஒரு ஹீட்டர் கம்பி, ஒரு ஜோடி பாயின்ட். தகடு சூடானால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறினால் மறுபடி சேர்க்கும். ஓடும் நேரமெல்லாம் இதே வேலை.

● ஆகவே அதில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்து அளந்தால் எண்கள் நிலையில்லாமல் குதிக்கும். பார்த்தவர் 'போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் குதிப்பதுதான் ஆரோக்கியம். டெஸ்ட் லேம்ப் வைத்தால் விட்டு விட்டு எரியும். விடாமல் எரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

● விடாமல் எரிய முக்கியக் காரணம் என்ன தெரியுமா? எர்த். ஸ்டெபிலைசரின் உறை பாடியில் ஒரு திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். ஹீட்டர் கம்பிக்கு எர்த் அந்தத் திருகு வழியாகத்தான். துரு ஏறினால் கம்பி சூடாகாது, பாயின்ட் திறக்காது, பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் பாயும். இரண்டு முள்ளும் ஏறும். உப்புத்தாள் வைத்துச் சுரண்டித் திருகை இறுக்கினால் தீருகிற வியாதி இது. இதற்காகப் புது ரேடியேட்டர் வாங்கி மாட்டியவர்களும் உண்டு. பிறகும் முள் அதே இடத்தில்தான் நிற்கும்.

● அந்த டப்பாவை எந்தப் பக்கம் மேலாக மாட்ட வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். தலைகீழாக மாட்டினால் அளவு தப்பும்.

● இப்போது பலர் பழைய டப்பாவுக்குள் மூன்று கால் உள்ள 10 வோல்ட் ஐசி ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். விலை சொற்பம், வேலை கச்சிதம். ஒரு எச்சரிக்கை: 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். நெகட்டிவ் எர்த்துக்கான ஐசியை அதில் மாட்டினால் மாட்டிய கையோடு போய்விடும். பழைய தகடு டப்பாவுக்கு எந்தத் துருவமும் ஒன்றுதான்.

● டெம்பரேச்சர் முள் மட்டும் தப்பாகக் காட்டினால் ஸ்டெபிலைசரை விட்டுவிடலாம். எஞ்சினில் சூட்டை உணரும் சென்டரின் வயரைக் கழற்றுங்கள். முள் குளிர் பக்கம் விழ வேண்டும். அதே வயரை ஒரு கணம், ஒரே கணம், எர்த்தில் தொட்டால் முள் சூட்டுப் பக்கம் நகரத் தொடங்க வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் மீட்டரும் வயரும் குற்றமற்றவை, சென்டரை மாற்றுங்கள். வயரைக் கழற்றிய பிறகும் முள் உச்சியிலேயே நின்றால், வழியில் எங்கோ வயர் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. பச்சையில் நீலக்கோடு டெம்பரேச்சருக்கு, பச்சையில் கறுப்புக்கோடு பெட்ரோலுக்கு.

● வயர்களுக்கு இந்த நிறக் கணக்கைப் புழக்கத்தில் விட்டது பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனி. பிரிட்டிஷ் கார்களின் விளக்குகள் அணைவதற்கெல்லாம் அதைப் பழித்து 'இருட்டின் இளவரசர்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பாதிக்கு மேல் அபவாதம். பெரும்பாலும் குற்றவாளி துருப்பிடித்த எர்த்துதான். 1961-ல் அதே லூகாஸ், டிவிஎஸ்ஸுடன் சேர்ந்து தொடங்கியதுதான் சென்னையின் பாடி பகுதியில் இருக்கும் லூகாஸ்-டிவிஎஸ்.

● ஆரம்பகால எம்ஜிபியின் டெம்பரேச்சர் மீட்டருக்குக் கரன்டே வேண்டாம். எஞ்சினில் ஒரு குமிழ், அதற்குள் ஈதர், அங்கிருந்து டேஷ்போர்டு வரை மெல்லிய செம்புக்குழாய். ஈதர் சூடானால் அழுத்தம் கூடும், முள் ஏறும். அந்த வண்டியில் டெம்பரேச்சர் முள்ளுக்காக வயரைத் தேடினால் பொழுதுதான் போகும். குழாய் ஒடிந்தால் முள் எழுந்திருக்காது; பட்டறையில் சாதாரணமாகப் பற்றவைத்துச் சரிசெய்ய முடியாது, ஈதரை மறுபடி அடைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

● எல்லாவற்றிலும் ஆபத்தான பொய் இது: எஞ்சின் கொதிக்கும்போது முள் இறங்கும். தண்ணீர் மட்டம் சென்டருக்குக் கீழே போய்விட்டால், சென்டர் காற்றிலும் ஆவியிலும் நிற்கும். அவை தண்ணீரைப் போலச் சூட்டைக் கடத்துவதில்லை. ஏறியிருந்த முள் காரணமின்றி இறங்கினால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

● எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரன்ட் போகாது. பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை அறுந்தால், ஸ்டார்ட்டரின் பெரும் கரன்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே பாயும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிளில் புகை வந்தால் பட்டையைத் தேடுங்கள்.

● ஆரம்பகால ஜாகுவார் இ-டைப் போன்ற வண்டிகளில் அம்மீட்டர் இருக்கும். ஸ்டார்ட்டர் தவிர, பேட்டரிக்குள் போகும் வரும் கரன்ட் முழுவதும் அதன் வழியாகத்தான். பின்புற நட்டு ஒன்று தளர்ந்தாலே அங்கே சூடேறி வயர் கருகும். முள் எதையும் காட்டாது, மூக்குத்தான் காட்டும்.

● சரி, முள் உண்மையே சொல்கிறது, எஞ்சின் நிஜமாகவே சூடு. எப்போது சூடாகிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன், ஃபேன் பெல்ட். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகு ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: அடைத்த ரேடியேட்டர், அல்லது தளர்ந்த அடி ஹோஸ். பம்ப் இழுக்கும் வேகத்தில் அந்த ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் உருண்டையாக இருக்கும். இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும் எஞ்சின் சூடாகும். இதை யாரும் முதலில் நினைப்பதில்லை.

● குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் கொள்ளலாம். உறுதிசெய்ய நீல நிற ரசாயனம் உண்டு. எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும்.

● 'நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு' என்று கழற்றிப் போடும் பட்டறைகள் இன்றும் உண்டு. எம்ஜிபியில் வழக்கமாக இருப்பது 82 டிகிரி தெர்மோஸ்டாட். வெப்ப நாடுகளுக்கு 74. இது தீர்மானிப்பது எஞ்சினின் குறைந்தபட்சச் சூட்டை மட்டுமே. முழுதாகத் திறந்த பிறகு அதற்கு வேலை இல்லை. ஆகவே 74-ஐ மாட்டியோ கழற்றி எறிந்தோ அடைத்த ரேடியேட்டரைக் குணப்படுத்த முடியாது. ஆனால் தெர்மோஸ்டாட்டே மூடியபடி சிக்கியிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

● லேசர் புள்ளி காட்டும் வெப்பமானியைப் பளபளக்கும் அலுமினியத்தில் பிடித்தால் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதில் பிடியுங்கள்.

● ஓவர்ஹீட்டுக்குப் பேர்போன டிரையம்ஃப் ஸ்டாக் (1970–1977) வண்டியின் 3 லிட்டர் வி8 எஞ்சினில் தண்ணீர் பம்ப் உயரத்தில் இருக்கும். மட்டம் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் தண்ணீர் இழப்பது பம்ப்தான். போதாக்குறைக்கு, வார்ப்படத்தில் தங்கிய மணல் ரேடியேட்டரை அடைத்தது. 1971-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்த கார் இது. வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அழகு, உள்ளே இந்தக் கதை.

● ரேடியேட்டர் மூடி தரும் ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை சுமார் 1.6 டிகிரி உயரும். 10 பிஎஸ்ஐ மூடிக்குக் கீழே 110 டிகிரியிலும் தண்ணீர் அமைதியாக இருக்கும். திறந்த அந்த நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை, எந்த முள் என்ன சொன்னாலும், அந்த மூடியில் கை வைக்காதீர்கள்.